நாலாம் வகுப்பு மேகம்

உப்போடைப்பட்டி ஒன்றியப் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு படிச்ச இசக்கிப்பிரியா மேகமாப் போனது ஒரு செவ்வாக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு. அன்னைக்குச் சத்துணவுல முட்டை உண்டுங்கிறதால ஒரு புள்ளகூட லீவு போடல, அதனால சாட்சிக்குப் பஞ்சமில்ல.

இதுக்கு யாரு காரணம்னு கேட்டா, ஊர்ல முக்காவாசிப் பேரு ஞானதுரை சாரக் கைகாட்டுவாக, மீதிப் பேரு அவருக்கு அஞ்சு நாளு பயிற்சி குடுத்து அனுப்புனவுகளக் கைகாட்டுவாக. ஞானதுரை சாரு யாரையும் கைகாட்ட மாட்டாரு. கைய நீட்டுனா மேலதான் நீட்டுவாரு, நீட்டிட்டு அப்படியே நிப்பாரு.

பயிற்சிக்குப் போறதுக்கு முன்னால அவரு வகுப்புல ஒரு ஈ பறக்கணும்னாக்கூட எந்திரிச்சு நின்னு கேட்டுட்டுத்தான் பறக்கும். பதினெட்டு வருசமாப் புள்ளைக கையக் கட்டி, வாயப் பொத்தி, வாய்ப்பாடு சொல்லச் சொன்னா மட்டும் வாயத் தொறந்து, சொல்லி முடிச்சதும் மறுபடி பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கும். டவுன்ல பயிற்சின்னு கடுதாசி வந்துச்சு, மனுசன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போனாரு. அங்க என்னடான்னா தொப்பை விழுந்த வாத்தியாருமாரையெல்லாம் வட்டமா ஒக்கார வச்சு, ஒருத்தர முயலாக் குதிக்கச் சொல்லி, ஒருத்தரப் பஸ்ஸா ஓடச் சொல்லி, சமோசா குடுத்து, மறுபடி குதிக்கச் சொல்லியிருக்காக. மூணாம் நாளு ஞானதுரை சாரக் கெணறா நிக்கச் சொன்னாக. நின்னாரு. கழுகுமலைப் பக்கத்து டீச்சரம்மா ஒருத்தி கிட்ட வந்து, இவரு தலைக்கு மேல எட்டிப் பாத்து, "உள்ள தண்ணி கெடக்கா?"ன்னு கேட்டா. அம்புட்டுத்தான். நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் எல்லாரும் நம்மகிட்டப் பதிலக் கேட்டாங்களே ஒழிய, உள்ள என்ன கெடக்குன்னு ஒருத்தரும் கேக்கலையேன்னு மனுசனுக்கு நெஞ்சு நெறைஞ்சு, கண்ணுல தண்ணி கொட்டி, கெணறு நின்ன எடத்துலயே ஒக்காந்திருச்சு.

திரும்பி வந்தது வேற ஆளு. பெஞ்சையெல்லாம் வெளிய தூக்கிப் போட்டாரு. கம்ப ஒடிச்சுச் சத்துணவு அடுப்புல வச்சாரு. புள்ளைகள வட்டமா ஒக்கார வச்சு நடுவுல அவரும் சம்மணம் போட்டு, "இனிமே தப்புங்கிற வார்த்தை இந்த வகுப்புல கெடையாது. யாரு என்ன யோசனை சொன்னாலும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பதில நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிக்கணும்"னாரு. புள்ளைக ஒண்ண ஒண்ணு பாத்துச்சு. மாரிச்சாமிங்கிற பய மெல்லப் பக்கத்துப் பயகிட்ட, "ஏலே, சாருக்குக் காய்ச்சலா?"ன்னு கேட்டான்.

ஒரு வாரம் பயந்துச்சுக. ரெண்டாவது வாரம் பயம் தெளிஞ்சுச்சு. மூணாவது வாரம் பள்ளிக்கூடத்துலருந்து வந்த சத்தத்துல ரோட்டுல போன பஸ்ஸு நின்னு, டிரைவரு எறங்கி வந்து சண்டையான்னு கேட்டுட்டுப் போனாரு. சண்டையில்ல, பின்னம் படிச்சாக. ஆடு மேய்க்கப் போயிருந்த ரெண்டு பயக ஆட்டோடயே வந்து ஒக்காந்தானுக. காய்ச்சல்னா லீவு போட்ட புள்ளைக காய்ச்சலோட வந்துச்சுக. நாலும் அஞ்சும் சேத்து மொத்தம் இருபத்திமூணு புள்ளைக, அதுல இருபத்திரெண்டு வாயி ஓயாமப் பேசுச்சு. பேசாத ஒரு வாயி இசக்கிப்பிரியாவோடது.

இசக்கிப்பிரியா கீழக்காலனி மாரிசெல்வி மக. அப்பன் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போனவன், போன எடத்துலயே வேற குடும்பமும் தைச்சுக்கிட்டான். மாரிசெல்வி மேலத்தெருக்காரவுக காட்டுல களை வெட்டித்தான் பொழப்பு, அதுவும் மூணு வருசமா மழையில்லாமக் களையே மொளைக்காததால அந்தப் பொழப்பும் அரையும் குறையுமாத்தான். புள்ள ஒண்ணாப்புல சேந்ததுலருந்து வகுப்புல பேசுனதில்ல. பேசச் சொன்னா சிரிக்கும். மேலத்தெருப் புள்ளைகளுக்கும் அவளுக்கும் நடுவுல எப்பவும் ஒரு ஆளு ஒக்காருற எடம் கெடக்கும். வட்டமா ஒக்கார வச்சப்பறமும் அந்த எடம் வட்டமா வளைஞ்சு கூடவே வந்துச்சு.

செவ்வாக்கிழமை பாடம் நீர்ச்சுழற்சி. கடல்ல சூடு பட்டு, ஆவியா எழும்பி, மேகமாத் திரண்டு, மழையா விழுந்து, மறுபடி கடலுக்கே போற கதை. சாரு அத நாடகமாப் போட்டாரு. குண்டுப்பய மாரிச்சாமி கடலு. பிரசிடெண்டு வெங்கிடுசாமி மக ஹரிணி சூரியன், சத்துணவுத் தட்டத் தேச்சு வெளக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டா. மத்ததுக ஆவியும் காத்தும் ஆறும் மீனும். மேகத்துக்கு மட்டும் வசனம் கெடையாதுன்னு யாருக்கும் மேகம் வேண்டாம். சாரு இசக்கிப்பிரியாவப் பாத்து, "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா, மேல நின்னு நெறைஞ்சாப் போதும்"னாரு.

அவ மொத மொத வாயத் தொறந்தா. "எப்படி சார் நெறையிறது?"

வகுப்பே திரும்பிப் பாத்துச்சு. சாருக்குச் சந்தோசம் தாங்கல. பதிலச் சொல்லிரக் கூடாதுங்கிற நெனப்பு வந்து நாக்கக் கடிச்சுக்கிட்டு, "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி"ன்னாரு.

நாடகம் மேகத்துல வந்து நிக்கும்போதுதான் சாருக்குப் போட்டோ ஞாபகம் வந்துச்சு. எந்தச் செயல்பாடு செஞ்சாலும் போட்டோ எடுத்துச் செல்போன்ல மேலிடத்துக்கு ஏத்தணும், ஏத்தலேன்னா அந்தச் செயல்பாடு நடக்கல. ஆனா உப்போடைப்பட்டியில சிக்னலு கெடைக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு, அது குடிதண்ணித் தொட்டி ஏணியில பதினோராவது படி. "எல்லாரும் அப்படியே இருங்க, நான் சொன்னப்பறம் மழைக்குப் போவோம்"னு சொல்லி, ஒரு படம் எடுத்துக்கிட்டு ஏணிக்கு ஓடுனாரு. படத்த அனுப்ப முக்கா மணி நேரம் ஆச்சு. திரும்பி வந்து பாத்தா கடலு தூங்கிட்டுக் கெடக்கு, சூரியன் தட்டத் தூக்கிக்கிட்டுச் சோத்துக்கு வரிசையில நிக்கிது, இசக்கிப்பிரியா மட்டும் மேல கூரையில தொங்குற காத்தாடிக்குப் பக்கத்துல, ரெண்டு சடையும் தொங்க, சொன்னபடி அப்படியே இருக்கா.

சத்துணவு ஆயா கனியம்மா கரண்டியோட உள்ள வந்து மேல பாத்தா. "ஏ சாரே, காத்தாடியப் போட்டுறாதீரும்"னு சொல்லிட்டு, "அவளுக்கு முட்டைய எடுத்து வைக்கவா, வேண்டாமா?"ன்னு கேட்டா.

"எறங்கும்மா"ன்னாரு சாரு.

"எப்படி சார்?"

இந்தத் தடவ அவரு நீயே யோசின்னு சொல்லல. முக்காலியப் போட்டு ஏறி, காலப் பிடிச்சு இழுத்தாரு. ஈரப் பஞ்சப் பிடிச்சாப்புல கையில கொஞ்சம் குளுந்துச்சு, காலு வரல.

மாரிசெல்வி காட்டுலருந்து களைவெட்டியோட ஓடியாந்தா. மேல பாத்தா, மகளப் பாத்தா, மேல பாத்த கண்ண அப்படியே எறக்கிச் சாரப் பாத்தா.

"சார், நான் அனுப்புனது புள்ளைய. எனக்குப் புள்ளையாத்தான் திருப்பித் தரணும்."

"தந்துருதேன்மா."

"நாளைக்கா?"

சாரு தலைய ஆட்டுனாரு. எந்தப் பக்கம் ஆட்டுனாருன்னு அவருக்கே தெரியல.

மறுநாளு காத்தாடி தலையில பட்டுருமேன்னு ஜன்னலு வழியா அவள வெளிய கொண்டாந்து, கெணத்துக் கயித்த அவ கையில குடுத்து, மறுநுனியக் கொடிக்கம்பத்துல கட்டுனாக. இடுப்புல கட்டத்தான் பாத்தாக, கயிறு புகைக்குள்ள போறாப்புல உள்ள போயி வெளிய வந்துருச்சு. அதனால நாம கட்டி வச்சிருக்கோம்னு யாரும் சொல்லிக்க முடியாது, அவளாப் பிடிச்சிருந்தா உண்டு. பனை ஒசரத்துல நின்னா. யூனிபாரம் ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வெள்ளையாப் போச்சு. மூஞ்சியும் சடையும் அப்படியே இருந்துச்சு, சிரிப்பும் இருந்துச்சு.

ஊரு அத எப்படி எடுத்துக்கிட்டுதுன்னா, ஒரு நாளு வாயப் பொளந்துச்சு, ரெண்டாம் நாளு நெழலப் பாத்துச்சு. சித்திர வெயிலு மண்டையப் பொளக்கிற ஊர்ல, பள்ளிக்கூடத்துக்கு முன்னால பத்துக் கட்டில் போடுறளவுக்குக் குளுந்த நெழலு விழுந்தா எவன் விடுவான்? சீட்டாட்டக்காரனுக துண்ட விரிச்சானுக, டீக்கடை மரியதாஸ் பாய்லரோட எடம் மாறுனான், மத்தியானப் பஸ்ஸு ரெண்டு நிமிசம் அங்க நின்னு ஆறிட்டுப் போச்சு. பக்கத்து ஊர்லருந்து நாலு பேரு வந்து, "எங்கூர்ல ஒரு கல்யாணம், பந்தலுக்குப் பதிலா ஒரு நாளைக்கு அனுப்பி வைங்களேன்"னு கேட்டுட்டுப் போனாக. யாரும் என்னடா இது அதிசயம்னு கேக்கல. நெழலு நேரத்துக்கு நேரம் நகருதே, கட்டில எத்தன தடவ இழுக்கன்னுதான் கேட்டாக.

சாரு அவளுக்கு நேர் கீழ வகுப்ப வச்சாரு. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லணும், அந்தப் பத்து நாளு மாதிரிப் படிப்பு அந்தப் பள்ளிக்கூடத்துல என்னைக்கும் நடந்ததில்ல. மூணு வருசமாப் பேசாத புள்ள மேலருந்து வாய் ஓயாமப் பேசுச்சு. "சார், ஆறு மேப்புல போட்டாப்புல இல்ல சார், போற வழியில ரெண்டு தடவ திரும்பிப் பாக்குது." "சார், கடலு தெரியுது சார், மாரிச்சாமி மாதிரியே தூங்குது." "சார், எங்க காலனியும் மேலத்தெருவும் இங்கருந்து பாத்தா ஒரே கூரை சார், நடுவுல இருக்குற ஓடை தெரியவே இல்ல." புள்ளைக எல்லாம் மல்லாக்கப் படுத்துக்கிட்டு அவகிட்டக் கேள்வி மேல கேள்வி கேட்டுச்சுக. மல்லாக்கப் படுக்கையில யாரு பக்கத்துல யாரு கெடக்காங்கிறத அதுக மறந்துருச்சுக. சாருக்குத் தெரிஞ்சுது, பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்படி ஒரு சந்தோசத்தையும் இப்படி ஒரு பயத்தையும் ஒரே வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அவரு ராப்பகலாச் சோறு எறங்காமத் திரிஞ்சாரு.

பயம் என்னன்னா, அவ நெறைஞ்சுக்கிட்டே இருந்தா. வெள்ளை சாம்பலாச்சு, சாம்பல் கருத்துச்சு. ஒரு நாளு சாரு கேட்டாரு, "எறங்குறதுக்கு உனக்கு ஏதாச்சும் வழி தோணுதாம்மா?"

"மழையா எறங்கத் தெரியும் சார். புள்ளையா எறங்குறது நம்ம நாடகத்துல இல்லயே சார்."

"மழையா எறங்குனா நீ...?"

"சொட்டுச் சொட்டாப் போயிருவேன் சார். அதான் நீங்க சொல்ற வரைக்கும் நிக்கேன்."

இது பேச்சுவாக்குல ஊருக்குள்ள போச்சு. போன அன்னைக்குச் சாயங்காலம் நெழல்ல சீட்டு நின்னுச்சு. கருத்து, நெறைஞ்சு, வாத்தியாரு வாயிலருந்து ஒரு வார்த்தை வந்தா விழத் தயாரா ஒரு மேகம் தலைக்கு மேல நிக்கிது, மூணு வருசமாக் காடு வெடிச்சுக் கெடக்கு, அந்த வார்த்தைய வச்சுக்கிட்டு இந்த மனுசன் சும்மா இருக்காருன்னா ஊருக்கு எப்படியிருக்கும்?

பிரசிடெண்டு வெங்கிடுசாமி நாலு பெரியாளுகளோட வந்தாரு. "சாரே, நாங்க ஒண்ணும் தப்பாக் கேக்கல. நீரு பாடத்த முழுசா நடத்தும்னுதான் கேக்கோம்."

"தலைவரே, அவ புள்ளை."

"யாரு இல்லேன்னா? புள்ளைதான். மழை பேஞ்சா ஓடுது, ஓடுறது கம்மாயில சேருது, கம்மாய் நெறைஞ்சா ஊருக்கே புள்ளை. கம்மாய்க்கரையில அவ பேரையே எழுதிப் போட்டுருவோம், என்னங்கேரு?"

"உங்க மகளா இருந்தாச் சொல்வீரா?"

வெங்கிடுசாமி கூட வந்த ஆளுக பக்கம் திரும்புனாரு. கயித்த அவுக்கச் சொன்னாரு. அவ கைபட்ட கொடத்த எடுக்காத மேலத்தெரு ஆளுக, அவ கைபிடிச்ச கயித்துக்கு நான் நீன்னு அடிச்சுக்கிட்டு, அவளக் காத்துல இழுத்துக்கிட்டே போயி அவுகவுக காட்டுக்கு மேல நிறுத்தி, "ஆத்தா, விழு தாயி"ன்னு கும்பிட்டாக. அவ மேலருந்து, "சார் சொல்லல ஐயா"ன்னா. மாத்தி மாத்தி ஆறு காட்டுக்கு இழுத்தாக. ஆறு காட்டுலயும் அதையேதான் சொன்னா. திரும்பக் கொண்டாந்து கொடிக்கம்பத்துல கட்டிட்டு, மறுநாள்லருந்து சாருக்கு மாலை போட்டுப் பாத்தாக, வேலையில மாத்தம் வாங்கிக் குடுத்துருவோம்னு மிரட்டிப் பாத்தாக, கால்ல விழுந்தும் பாத்தாக. சாரு மழைங்கிற அந்த வார்த்தையவே விட்டுட்டாரு. பாடப் புத்தகத்துல அது வந்தாக்கூட ஒரு இருமல் இருமிட்டு அடுத்த வரிக்குப் போனாரு.

வட்டாரக் கல்வி அலுவலரு ஜீப்புல வந்தாரு. அண்ணாந்து பாத்தாரு, நோட்டத் தொறந்தாரு, 'மாணவியின் பங்கேற்பு மிக நன்று'ன்னு எழுதுனாரு.

"எப்படி சார் எறக்குறது?"ன்னு ஞானதுரை சாரு கையக் கட்டிக்கிட்டுக் கேட்டாரு.

"பயிற்சிப் புத்தகத்துல மேகத்துக்கு அடுத்து என்ன போட்ருக்கு?"

சாரு இருமுனாரு.

"அப்ப அடுத்த கட்டத்துக்குப் போங்க. வீடியோ எடுத்து அனுப்பிருங்க"ன்னுட்டு, நெழல்ல நின்ன ஜீப்புல ஏறிப் போயிட்டாரு.

இம்புட்டு நாளும் மாரிசெல்வி என்ன பண்ணுனான்னா, அழாம இருந்தா. மொத நாளு அவ மகளுக்குக் கீழ நின்னு அழுதப்பதான் அந்தச் சங்கதி தெரிஞ்சுது. கண்ணுலருந்து வந்த தண்ணி கன்னத்துல எறங்காம, நெத்திப் பக்கமா ஏறி, முடியத் தாண்டி, எறும்பு வரிசையாட்டம் நேரா மேல போயி இசக்கிப்பிரியாகிட்டச் சேந்துச்சு. சேந்ததும் புள்ள ஒரு சாணு கருத்தா. "அம்மா, அழாத, கனக்குது"ன்னா. அன்னைக்கு மூடுன கண்ணு. வெங்காயம்கூட உரிக்க மாட்டா. மகளுக்குக் கேக்குற மாதிரிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. "ஏட்டி, மேலருந்து பாத்துச் சொல்லு, உங்கப்பன் திருப்பூர்ல எந்தத் தெருவுல கெடக்கான்?"னு கேப்பா. "அவ்வளவு தூரம் தெரியாதும்மா." "அவன் மூஞ்சி தெரியாதவரைக்கும் நீ கொடுத்து வச்சவதான்"னு சொல்லிட்டுச் சத்தமாச் சிரிப்பா. சிரிச்சிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால போயி, செவுத்துல நெத்திய வச்சு நிப்பா. அப்பவும் அழமாட்டா.

இதையும் ஊரு கண்டுபிடிச்சிருச்சு. வாத்தியாரு வாயிலருந்து வார்த்தை வராது, சரி. ஆனா நெறைஞ்சு வழிஞ்சா யாரு சொல்லணும்? போன மாசம்தான் மழை வேணும்னு கொடும்பாவி கட்டித் தெருத்தெருவா இழுத்து, பொம்பளைக ஒப்பாரி வச்சு, சுடுகாட்டுல கொண்டு போய்ப் பொசுக்குனாக. வானத்துல ஒரு பொட்டு அசையல. அதே ஒப்பாரிக்காரிக எட்டுப் பேர மாரிசெல்வி வீட்டு வாசல்ல கொண்டாந்து ஒக்கார வச்சாக. அவுகளும் தலைய விரிச்சு, மாருல அடிச்சு, பத்து மாசம் சொமந்ததச் சொல்லி, பாலு குடுத்ததச் சொல்லி, கைவிட்டுப் போன புருசனச் சொல்லி, கல்லும் கரையிறாப்புலப் பாடுனாக. மாரிசெல்வி நெலப்படியில ஒக்காந்து புளியங்கொட்டை வறுத்துத் தின்னுக்கிட்டே கேட்டா. ஒரு பாட்டு முடிஞ்சதும், "அத்தை, அந்தப் பால் குடுத்த எடத்துல சுதி விட்டுப் போச்சே"ன்னா. மூணு நாளு பாடி, எட்டுல ரெண்டு பேரு தொண்டை கட்டி எந்திரிச்சுப் போனாக. மீதி ஆறு பேரு கண்ணுலருந்து எறங்குன தண்ணி எறங்கத்தான் செஞ்சுது, ஏறல. சும்மா அழுற அழுகை ஏறாது போல.

பதினாலாம் நாளு இசக்கிப்பிரியா மூஞ்சி கருத்துச் சடை எது முகம் எதுன்னு தெரியல. "சார், இன்னும் எம்புட்டு நேரம் சார்?"னு மேலருந்து கேட்டா. கொரலு ஈரமா இருந்துச்சு.

ஞானதுரை சாருக்கு அதுக்கு மேல ஏலல. புத்தகத்தத் தேடிப் பாத்தாரு. பயிற்சி குடுத்தவுகளுக்குத் தொட்டி மேல ஏறிப் போன் அடிச்சாரு, அவுக வேற பயிற்சியில இருந்தாக. நோயாளி மாதிரி வந்து வட்டத்துக்கு நடுவுல ஒக்காந்து, புள்ளைகளப் பாத்து, "எனக்குத் தெரியலப்பா. நீங்க சொல்லுங்க. இசக்கிப்பிரியாவ எப்படிக் கீழ கொண்டாரது?"ன்னு கேட்டாரு. பயிற்சியில சொல்லிக் குடுத்ததுக்காகக் கேக்கல. அன்னைக்கு நெசமாவே தெரியாமக் கேட்டாரு.

ஹரிணி கையத் தூக்குனா.

"நாங்க போய்க் கூட்டிட்டு வாரோம் சார்."

"நாங்களும் சார்", "நானும் சார்"னு இருபத்திரெண்டு கையும் மேல போச்சு. சாரு அசதியில இருந்தாரு. புள்ள ஒரு யோசனை சொன்னா வேண்டாம்னு சொல்லாதங்கிறது பயிற்சியில மொத நாளு மொதப் பாடம். அது அவரு ஒடம்புல ஊறிப் போயிருந்துச்சு. என்ன கேட்டாக, எங்க போறாகன்னு காதுல ஏறுறதுக்கு முன்னாலயே வாயி சொல்லிருச்சு, "சரி"ன்னு.

தூக்குன கை எறங்கல. கைக்குப் பின்னால தோளு போச்சு, தோளுக்குப் பின்னால காலு தரைய விட்டுச்சு. குண்டுப்பய மாரிச்சாமி மட்டும் கொஞ்சம் மெதுவாப் போனான், சாரு பாஞ்சு அவன் காலப் பிடிச்சாரு. கையில குளுந்துச்சு. "விடுங்க சார், கூசுது"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டான். வட்டமா ஒக்காந்திருந்ததுக வட்டமாவே போச்சுக. மேல போயி இசக்கிப்பிரியாவச் சுத்தி நின்னுச்சுக. நடுவுல எடம் விடல.

அடுத்த கா மணி நேரத்துல ஊரே பள்ளிக்கூடத்து முன்னால நின்னுச்சு. வெங்கிடுசாமி செருப்பில்லாம ஓடியாந்தாரு. "ஹரிணி! ஏத்தா ஹரிணி, எறங்குடி!"

"அப்பா, இங்கருந்து பாத்தா நம்ம வீடு எதுன்னே தெரியல"ன்னு மேலருந்து சிரிச்சா.

வெங்கிடுசாமி திரும்பிச் சாரோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "சாரே, உம்ம கால்ல விழுதேன், அந்த வார்த்தையச் சொல்லிறாதீரும். ஊரே பட்டினி கெடந்து செத்தாலும் சாவுறோம், சொல்லிறாதீரும்."

"நான் சொல்லல தலைவரே. யாரு சொல்லப் போறா?"ன்னாரு சாரு. அவரு பாத்துக்கிட்டிருந்தது வெங்கிடுசாமிய இல்ல, பின்னால நின்ன பொம்பளைகள.

இருபத்திரெண்டு புள்ளைகளோட ஆத்தாமாரும் அழ ஆரம்பிச்சிருந்தாக. கன்னத்துல எறங்கல. நெத்தியில ஏறி, கூந்தலத் தாண்டி, அம்புட்டுப் பேரு கண்ணீரும் சரஞ்சரமா மேல போச்சு. மேல வெள்ளையா இருந்ததுக எல்லாம் கண்ணுக்கு முன்னால சாம்பலாச்சுக.

மாரிசெல்வி கூட்டத்துக்குள்ள பாஞ்சா. ஒருத்தி வாயப் பொத்துனா, இன்னொருத்தி கண்ணத் தன் முந்தானைய வச்சு அமுக்குனா. "அழாதீக அக்கா! அழுதாக் கனம் கூடும் அக்கா, பதினாலு நாளாப் பாத்துட்டேன் அக்கா, அழாதீக!" மேலத்தெருப் பொம்பளைகள அம்மான்னு கூப்பிட்டுப் பழகுனவ, அன்னைக்கு அக்கான்னா. அவ தொட்டதையும் கூப்பிட்டதையும் ஒருத்தரும் கவனிக்கல. "சிரிங்க, என்னயப் பாத்துச் சிரிங்க"ன்னு அவளே சத்தமாச் சிரிச்சுக் காட்டுனா. ஒரு பொம்பள சிரிச்சுப் பாத்தா, சிரிப்பு பாதியில ஒடைஞ்சு அதுவும் மேல போச்சு. ஆம்பளைக துண்ட வாயில திணிச்சுக்கிட்டு நின்னாக. துண்டு வாயத்தான் அடைக்கும், கண்ண அடைக்காது. வெங்கிடுசாமி மூஞ்சிய மண்ணுல வச்சுக் குப்புறப் படுத்துப் பாத்தாரு. மண்ணுலருந்தும் அது கசிஞ்சு, பிடரி வழியா ஏறிப் போச்சு.

ஞானதுரை சாரு வருகைப் பதிவேட்ட எடுத்துக்கிட்டு வந்தாரு. பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அந்தந்தப் புள்ள அந்தந்தப் புள்ளையா நிக்கும்னு அவருக்கு ஒரு நெனப்பு. "மாரிச்சாமி." மேலருந்து, "உள்ளேன் ஐயா." "ஹரிணி." "உள்ளேன் ஐயா." "கார்த்தீஸ்வரி." "முத்துவேலு." முடிச்சிட்டு மறுபடி மொதல்லருந்து. மூணாவது சுத்துல ஒரு பேருக்கு ரெண்டு கொரலு வந்துச்சு. அஞ்சாவது சுத்துல அஞ்சாறு கொரலு. ஏழாவது சுத்துல அவரு "மாரிச்சாமி"ன்னு சொல்றதுக்கு முன்னாலயே, எல்லாக் கொரலும் ஒண்ணாச் சேந்து, வானத்துக்கு இந்தக் கோடிலருந்து அந்தக் கோடி வரைக்கும் உருண்டு, "உள்ளேன் ஐயா"ன்னு போச்சு. கீழ ஆடுக எல்லாம் படபடன்னு எந்திரிச்சு நின்னுச்சு.

அதுக்கப்புறம் அவரு கூப்பிடல. பதிவேட்ட மூடி நெஞ்சோட வச்சுக்கிட்டாரு. மேல மூஞ்சியும் இல்ல, சடையும் இல்ல, யாரு ஓரம் எங்க முடியுது, யாரு ஓரம் எங்க தொடங்குதுன்னும் இல்ல. ஊருக்கு மேல கருப்பா ஒண்ணே ஒண்ணு நின்னுச்சு. காத்து நின்னுருச்சு. மூணு வருசமா மறந்து போயிருந்த வாசம் ஒண்ணு வந்துச்சு. அத மோந்ததும் எல்லாரும் ஒரு எட்டு பின்னால போனாக. ஒருத்தரும் கொடத்தத் தூக்கிட்டு வரல. வாளியும் சட்டியும் வச்சிருந்தவுக அதக் கவுத்திப் போட்டாக.

மாரிசெல்விதான் மொதல்ல கைய ஏந்துனா. அவளப் பாத்து வெங்கிடுசாமி பொஞ்சாதி ஏந்துனா. அப்புறம் ஒருத்தரப் பாத்து ஒருத்தரா ஊரு முச்சூடும், ஆம்பளையும் பொம்பளையும், ரெண்டு கையையும் சேத்து ஏந்திக்கிட்டு, தோளோட தோளு இடிக்க, அண்ணாந்து நின்னுச்சு. ஞானதுரை சாரும் பதிவேட்டக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஏந்துனாரு.

மொதச் சொட்டு வெங்கிடுசாமி கையில விழுந்துச்சு. வெதுவெதுன்னு இருந்துச்சு. அவரு அதக் கிட்டக் கொண்டாந்து பாத்தாரு, மூச்சுக்கூட விடாமப் பாத்தாரு, பக்கத்துல நின்ன மாரிசெல்விகிட்ட நீட்டி, "இது யாரு தாயி? எம் மகளா, உம் மகளா?"ன்னு கேட்டாரு.

மாரிசெல்வி குனிஞ்சு பாத்தா. அவளுக்கும் தெரியல. அவ கையிலயும் அப்பத்தான் ஒண்ணு விழுந்துச்சு.

அதுக்கப்புறம் சடசடன்னு எல்லார் கையிலயும் விழுந்துச்சு. ஒருத்தரும் கையத் தொடைக்கல.